மாத்தளையிலிருந்து வந்த வான்

பழைய வாகனமொன்று என்ன விலைக்குப் போகும் என்று விசாரித்து அறிதல் எவருக்கும் எளிது. ஓடாத வாகனமொன்றை ஏறத்தாழ முந்நூறு கிலோமீற்றர் தூரம் இழுத்துவர என்ன செலவாகும் என்பதோ, அது வந்து சேர்ந்த பின்னரும் தெளிவாக விளங்குவதில்லை. 2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் மாத்தளையிலிருந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது ஒரு வோக்ஸ்வாகன் வான். அதனைக் கொண்டுவந்தவர் பாடசாலையொன்றின் ஆய்வுகூட உதவியாளர், வயது நாற்பத்தொன்பது. அதற்கு உரியவர் அவருடைய தந்தையார், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், வயது எண்பத்தேழு. மகனின் கையில் இருந்தது கூட்டுறவுச் சங்கத்தில் பெற்ற ஓரிலட்சம் ரூபா கடன். தட்டையான தளத்தில் வாகனங்களை ஏற்றிச் செல்லும் லொறிக்காரர் ஒருவர் கேட்ட கூலியோ ஓரிலட்சத்து எண்பதாயிரம். அதுவும் வானை உருட்டக்கூடிய நிலைக்குக் கொண்டுவரும் செலவு நீங்கலாக.

ஒல்லாந்து நாட்டு வாகன வணிகரான பென் பொன் என்பவர் 1947 சித்திரையில் தமது குறிப்புப் புத்தகத்தில் வரைந்த சிறு கோட்டுப்படமொன்றிலிருந்து பிறந்தது இவ்வகை வான். வொல்ஸ்பேர்க் தொழிற்சாலையில் பாகங்களைக் கொண்டுதிரிவதற்காகக் காரின் அடிச்சட்டத்தின்மேல் பலகை பொருத்தி ஓட்டிய வண்டியே அவருக்கு அந்த எண்ணத்தைக் கொடுத்தது. 1950 பங்குனியில் உற்பத்தி தொடங்கிற்று. எஞ்சின் பின்னே, சாரதி முன் அச்சின்மேல், இடையே ஒரு சிற்றறை. அந்தச் சிற்றறைதான் அதற்குப் பெரும் புகழைத் தேடிக் கொடுத்தது. 1951 முதல் வெஸ்ற்பாலியா என்னும் ஜேர்மன் நிறுவனம் அதனுள்ளே படுக்கையும் அலுமாரியும் அமைத்துக் கொடுத்தது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஐரோப்பிய இளைஞர் பலர் அதிலேயே உண்டு உறங்கித் துருக்கி, ஈரான் வழியாக இந்தியா வரை வந்தனர்.

மாத்தளையில் படிப்பித்த யாழ்ப்பாணத்து ஆசிரியருக்கு வெஸ்ற்பாலியாவின் படுக்கையை வாங்கும் வசதி இருக்கவில்லை. 1961இல் செய்யப்பட்ட வானொன்றை, முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருக்கும் வகை, 1971இல் இரண்டாங் கையாக வாங்கினார். ஆங்கிலச் சஞ்சிகையொன்றில் பார்த்த படத்தைத் தச்சரிடம் காட்டிப் பலாப்பலகையில் ஒரு வாங்கு செய்வித்தார். பகலில் அது இருக்கை. இரவில் இழுத்து விரித்தால் நால்வர் படுக்கும் கட்டில். வாங்கின் கீழே ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, இரு பானைகள், அரிசிப் பெட்டி. பாடசாலை விடுமுறை தோறும் குடும்பம் புறப்பட்டுவிடும்: கதிர்காமம், திருக்கோணேசுவரம், திருக்கேதீசுவரம், முன்னேசுவரம். எங்கும் வாடகைக்கு அறை எடுத்ததில்லை. ஆசிரியச் சம்பளத்தில் நான்கு பேர் நாடு முழுவதையும் பார்ப்பதற்கு வேறு வழியும் இல்லை. பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் ‘வீட்டு வான்’. ஒவ்வொரு பயணத்தின் செலவையும் சதக் கணக்கில் ஒரு கொப்பியில் எழுதுவது ஆசிரியரின் வழக்கம். மகனுக்கும் அந்த வழக்கம் தொற்றியது.

அந்த வானின் இலக்கத் தகட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். 1957 தை மாதம் முதல் புதிதாகப் பதிவாகும் வாகனங்களின் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து இடம்பெற்றது. அதனை எதிர்த்து வடக்கிலும் கிழக்கிலும் இயக்கம் நடந்தது. 1958இல், அப்போதுதான் அமைக்கப்பட்டிருந்த இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்கள் அவ்வெழுத்தைத் தாங்கி யாழ்ப்பாணம் வந்தபோது, தார் வாளியுடன் போனவர்களில் இருபத்திரண்டு வயது இளைஞனாயிருந்த இந்த ஆசிரியரும் ஒருவர். பதின்மூன்று ஆண்டுகளின் பின் அதே எழுத்தைக் கொண்ட வானை அவர் வாங்கியபோது நண்பர்கள் கேலி செய்தார்களாம். “எழுத்தில் பிழையில்லை, அது மட்டுந்தான் எழுத்து என்பதில்தான் பிழை” என்பது அவர் விடை. இந்த விடை அவருடைய நண்பர்களைத் திருப்திப்படுத்தியதா என்பது வேறு விடயம்.

1983 ஆடி மாதத்தின் இறுதி வாரத்தில் மாத்தளையிலும் தமிழருடைய கடைகளும் வீடுகளும் எரிந்தன. ஆசிரியரின் வாடகை வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு கராஜ் இருந்தது. அதன் சொந்தக்காரர் சிங்களவர். அப்போது முப்பத்தெட்டு வயது. அவருடைய மூத்த மகனுக்கு ஆசிரியர் மாலை வேளைகளில் கணக்குச் சொல்லிக் கொடுத்துவந்தார். அன்றிரவு குடும்பத்தைத் தம் மைத்துனர் வீட்டில் ஒளித்த அவர், வானை மட்டும் எஞ்சின் ஓசை கேளாதபடி கையால் தள்ளித் தமது கொட்டகையின் கடைசி மூலையில் நிறுத்தி, சுற்றிலும் பழைய டயர்களையும் தகரங்களையும் அடுக்கிவைத்தார். இரண்டாம் நாள் குடும்பத்தைக் கண்டியிலிருந்த முகாமில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒரு மாதத்தில் திரும்பி வந்து வானை எடுப்பதாகச் சொல்லி ஆசிரியர் யாழ்ப்பாணம் போனார்.

அந்த ஒரு மாதம் நாற்பது ஆண்டாயிற்று. முதலில் அச்சம், பிறகு பாதையே இல்லை. 1990இன் பின் புகையிரதமும் நின்று ஏ-9 வீதியும் அடைபட்டது. குடாநாட்டுக்குள் பெற்றோல் வர விடாத அந்த ஆண்டுகளில், ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடியதைப் பலரும் அறிவர். ஆசிரியர் சைக்கிளில் திரிந்தார். 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, மழையில் சைக்கிளை உருட்டிக்கொண்டே அவர் மகனிடம் சொன்னாராம், வான் மாத்தளையில் இருப்பது நல்லதாய்ப் போயிற்று, இங்கே நின்றிருந்தால் இதற்குள் பழைய இரும்பு என்று. 2002இல் வீதி திறந்தது. அடுத்த ஆண்டு ஆசிரியர் பஸ்ஸில் மாத்தளைக்குப் போய் வானைப் பார்த்துவந்தார். கொட்டகை வாடகையாக ஒரு தொகையைக் கொண்டுபோயிருந்தார். கராஜ்காரர் அதனைக் கையால் தொடவும் இல்லை. வானைக் கொண்டுவருவதற்குச் சேர்த்த பணம், கூரையில்லாத வீட்டுக்குக் கூரை போடுவதில் முடிந்தது. 2006 ஆவணியில் வீதி மறுபடியும் மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்தது. அதன் பின்னர் தடையாக நின்றது பாதை அன்று, பணம்.

இதற்கிடையில் அந்தக் கொட்டகையின் மதிப்பு ஏறிக்கொண்டிருந்தது. 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின், இலங்கையில் நான்கு சில்லுள்ள எதுவும் பொன்னாயிற்று. பழைய வோக்ஸ்வாகன் வான்களைத் தேடித் திரியும் செல்வர்கள் மாத்தளைக் கொட்டகைக்கும் வந்தார்கள். 2022இல், பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் நாடே வரிசையில் நின்ற காலத்தில், ஒருவர் பணத்தைப் பையில் கொண்டுவந்தே காட்டினாராம். கராஜ்காரர் அப்போது கராஜை மூடிவிட்டு மகன்மாரின் தயவில் இருந்தார். வான் தம்முடையதன்று என்ற ஒரே விடையை எல்லாருக்கும் சொன்னார். 1989இல், மாத்தளை வேறொரு பயங்கரத்தைக் கண்ட காலத்தில், அவருடைய தம்பி வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டுத் திரும்பாமற் போனான். அதன் பின்னர் அந்தக் கொட்டகைக்குள் இருந்த எந்தப் பொருளையும் அவர் விற்கச் சம்மதிப்பதில்லை என்று அவருடைய மனைவி பின்பு மகனிடம் கூறினார். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று அந்த அம்மையார் விளக்கவில்லை, மகனும் கேட்கவில்லை.

2023 ஆனியில் கராஜ்காரரிடமிருந்து தொலைபேசி வந்தது. காணி பிள்ளைகளுக்குப் பிரிபடப் போகிறது. கொட்டகை புரட்டாதிக்குள் இடிபடும். தமக்கும் எழுபத்தெட்டு வயது. ஆசிரியர் அந்தச் செய்தியைக் கேட்டு அன்று முழுவதும் பேசாமல் இருந்தார். கண் நோயினால் அவருக்கு வெளிச்சமும் நிழலும் மட்டுமே தெரியும் நிலை. இரவு உணவின்போது, “விக்கிறதெண்டால் வில். ஆனால் ஒருக்கால் இஞ்சை வந்து போகட்டும்” என்றார். கடன் விண்ணப்பம் மறுநாளே எழுதப்பட்டது.

மகன் இரு தடவை மாத்தளைக்குப் போனார். முதல் தடவை வெறும் பார்வை. வானின் அடித்தளத்தில் துரு ஓட்டை போட்டிருந்தது. எலிகள் இருக்கைப் பஞ்சைத் தின்றிருந்தன. பலாப்பலகை மட்டும் புதிது போல இருந்தது. இரண்டாந் தடவை ஐந்து நாள் விடுமுறையில், தமக்கையின் பத்தொன்பது வயது மகனையும் கூட்டிச் சென்றார். எஞ்சினைத் திறந்து பார்ப்பதற்கு அவர் ஆசைப்பட்டபோது கராஜ்காரர் தடுத்தார். “புத்தா, ஓடாத வாகனத்துக்கு எஞ்சின் தேவையில்லை. பிறேக்தான் தேவை” என்று சிங்களத்தில் சொன்னார். மகன் அவரை ‘மாமா’ என்றே அழைத்தார். இரு மொழிக்கும் பொதுவான சொல் ஆகையால் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

இங்கே பழைமையால் விளைந்த ஒரு நன்மையைக் குறிப்பிடுதல் தகும். பிற்காலக் கார்களில் பிறேக்குக்கு எஞ்சினின் உறிஞ்சுவிசை உதவி செய்கிறது. எஞ்சின் நின்றால் மிதி கல்லாகிவிடும். 1961ஆம் ஆண்டு வானில் அத்தகைய உதவி எதுவும் இல்லை. காலால் மிதிக்கும் வலுவே பிறேக். கையால் திருப்பும் வலுவே ஸ்ரேறிங். எஞ்சின் செத்திருந்தாலும் அவை இரண்டும் உயிரோடு இருக்கும். ஆகவே பிறேக்குகளின் இற்றுப்போன இறப்பர்கள் அனைத்தும் மாற்றப்பட்டன. பின்சில்லுகள் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக ஒரு பற்சக்கரப் பெட்டி உண்டு. கட்டியாகிப்போன பழைய எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றினர். நான்கு பழைய டயர்கள் வாங்கப்பட்டன. முன்சில்லுகளின் பெயரிங்குகளைக் கழுவிக் கிறீஸ் அடைக்கும்போதுதான் ஒரு சிக்கல் எழுந்தது. உள் பெயரிங்கை எடுத்தால் அதனை மூடியிருக்கும் சீல் கிழியும். புதுச் சீல் ஒன்று மட்டுமே மாத்தளையில் கிடைத்தது. மற்றொன்று கொழும்பிலிருந்து வர இரண்டு நாள் ஆகும். வலது சில்லுக்குப் புதிது போட்டாயிற்று. இடது சில்லின் உள் பெயரிங்கை அப்படியே விடுவது என்று முடிவு செய்தவர் மகன். கராஜ்காரர் தலையை ஆட்டினார். ஆனால் அந்தத் தலையாட்டலில் சம்மதம் இருக்கவில்லை.

இழுப்பதற்கு லொறி வேண்டுமே. யாழ்ப்பாணத்திலிருந்து சின்ன வெங்காயமும் நீர்வேலி வாழைக்குலையும் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போகும் லொறிகள் பல. அவை திரும்பும்போது மலைநாட்டு மரக்கறியோ வேறு பொருளோ ஏற்றிவரும். எப்படியும் திரும்பி வரவேண்டிய லொறி ஆகையால் கூலி குறைவாக இருக்கும் என்பது மகனின் எண்ணம். திருநெல்வேலிச் சந்தையில் விசாரித்து ஒருவரைப் பிடித்தார், முப்பத்தைந்து வயதிருக்கும். இருபத்தையாயிரம் ரூபாவுக்கு அவர் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையுடன். “அண்ணை, கயிறு எண்டால் நான் வரமாட்டன். நான் பிறேக் பிடிச்சால் உங்கடை வானின்ரை மூக்கு என்ரை பெட்டிக்குள்ளைதான் நிக்கும்.”

அவர் சொன்னது முற்றிலும் சரி. கயிறு இழுக்க மட்டுமே அறியும். தள்ளி நிறுத்த அறியாது. தளர்ந்த கயிறு திடீரென இறுகும்போது உண்டாகும் உதறலில் கயிறு அறும், அல்லது கட்டிய இடம் பெயரும். இரும்புக் குழாய் அப்படியன்று. இரு வாகனங்களுக்கும் இடையிலான தூரத்தை மாறாமல் வைத்திருக்கும். மாத்தளையில் ஒட்டுவேலை செய்பவர் ஒருவர் தடித்த நீர்க்குழாயொன்றின் இரு முனையிலும் வளையம் ஒட்டிக் கொடுத்தார். அதன் ஒரு முனையை வானின் முன் தாங்கியில் மாட்டினால் தாங்கி கையோடு வந்துவிடும். இவ்வகை வானின் முன் அச்சு, ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு உருக்குக் குழாய்களால் ஆனது. கீழ்க்குழாயில் பட்டை போட்டு அதில் மாட்டவேண்டும். கராஜ்காரர் நிலத்தில் படுத்து, தம் கையாலேயே அந்தப் பட்டையை முறுக்கினார்.

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்கு ஏறத்தாழ 45 கிலோமீற்றர். கராஜ்காரரின் மருமகன் தமது உழவு இயந்திரத்தால் இழுத்துவந்தார். டீசலுக்கு மட்டும் பணம் வாங்கினார். நாலந்தாவைக் கடந்து நாவுல வரை சரிவுகள் உண்டு. அங்கேதான் மகனுக்கு ஓர் உண்மை விளங்கிற்று. இழுக்கப்படுபவன் சும்மா இருப்பவன் என்று உலகம் நினைக்கிறது. உண்மையில், சரிவில் இறங்கும்போது பின்னாலிருப்பவனே பிறேக் பிடித்து வேகத்தை அடக்கவேண்டும். தவறினால் ஒரு தொன் எடை முன்னாலிருப்பவனைத் தள்ளும். எந்த வேகத்தில் போவது, எங்கே நிற்பது என்பவை அவன் கையில் இல்லை. கண்ணுக்குத் தெரிவது முன்னால் போகும் வாகனத்தின் முதுகு மட்டுமே. பாதையில் குழி வருவதை, அதில் விழுந்த பிறகே அவன் அறிவான்.

அன்றிரவு தம்புள்ளைச் சந்தைக்குப் பக்கத்தில் வான் நின்றது. பலாப்பலகை வாங்கை இழுத்து விரித்து மாமனும் மருமகனும் அதில் படுத்தனர். நாற்பது ஆண்டுகளின் பின் அந்த வான் தன் வேலையைச் செய்தது. விடியும் வரை லொறிகளின் ஓசையும் அழுகிய கோவாவின் மணமும். விடுதிச் செலவு இல்லை என்று கொப்பியில் எழுதினார் மகன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு லொறி புறப்பட்டது. மருமகன் லொறியின் முன்னிருக்கையில் தொலைபேசியைக் காதில் வைத்தபடி, மகன் வானில். வேகம் மணிக்கு முப்பத்தைந்து கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது என்பது ஏற்பாடு. கெக்கிராவை, மரதன்கடவலை, மிகிந்தலை வழியாக எவ்விதத் தொல்லையும் இல்லை. நிறுத்திய இடமெல்லாம் ஒரே கேள்வி: விற்கிறீர்களா? மதவாச்சிக்கு அருகே தேநீர் குடிக்க நின்றபோது ஓர் இளம் பொலிஸ்காரர் வந்து வானைச் சுற்றிப் பார்த்தார். பதிவுப் புத்தகத்தை நீட்டினார் மகன். மூன்று இடப்பெயர்வுகளில் தகரப் பெட்டியிலிருந்து வெளியே வராத புத்தகம் அது. பொலிஸ்காரர் அதனைத் திறக்கவே இல்லை. தகட்டிலிருந்த பழைய எழுத்தைத் தம் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு, தம் பாட்டனாரிடமும் இத்தகைய வான் இருந்ததென்றும், விற்பதானால் தமக்குச் சொல்லும்படியும் கேட்டுப் போனார்.

வவுனியாவைக் கடந்து ஓமந்தையை நெருங்கியபோது தீய்ந்த மணம் வந்தது. மகன் தொலைபேசியில் கத்தினார், லொறி நின்றது. இடது முன்சில்லிலிருந்து மெல்லிய புகை. நாற்பது ஆண்டுக் கிறீஸ் மெழுகாய்க் கிடந்து, சூட்டில் உருகி, ஓடிப் போயிருந்தது. அந்த இரண்டு நாளை மிச்சப்படுத்தியதன் பலன் இது. உழவு இயந்திரங்கள் திருத்தும் ஒரு சிறு பட்டறையை மருமகன் கண்டுபிடித்தான். பட்டறைக்கார இளைஞன் அத்தகைய வானை அதற்கு முன் கண்டதில்லை. பெயரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் உருட்டிப் பார்த்தான். நீலம் பாய்ந்திருந்தது, ஆனால் உடையவில்லை. உழவு இயந்திரத்தின் பழைய சீல் ஒன்றைச் சிறிது சிறிதாகச் செதுக்கிப் பொருத்தினான். நாலரை மணி நேர வேலை. கேட்ட பணம் ஆயிரத்து ஐந்நூறு ரூபா.

அந்த நாலரை மணி நேரமும் லொறிக்காரர் லொறியின் நிழலில் படுத்திருந்தார். ஒரு சொல் குறை சொல்லவில்லை. அதன் பின்னர் வேகம் இருபத்தைந்துக்கு இறங்கியது. புளியங்குளத்துக்கு அப்பால் தொலைபேசியும் அறுந்தறுந்து போனது. மருமகன் சிவப்புத் துணியை யன்னலில் ஆட்டிச் சைகை காட்டினான். பொழுது சாயும்போது முறுகண்டி. இருட்டில் பின்விளக்கு இல்லாத வானை இழுப்பதில்லை என்பது முன்னரே பேசியது. ஏ-9 வீதியில் போகும் எந்த வாகனமும் முறுகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் கடப்பதில்லை; இவர்களுக்குக் கும்பிடுவதற்கு ஓர் இரவு முழுவதும் கிடைத்தது.

கச்சான் கொறித்துக்கொண்டிருந்தபோதுதான், லொறியில் என்ன ஏற்றியிருக்கிறது என்று மகன் கேட்டார். பூசணிக்காய். இலாபம் அதிகம் இல்லாத சரக்கு அல்லவா என்றார் மகன். லொறிக்காரர் சிரித்தார். “தக்காளி ஏத்தினால் மூண்டு மடங்கு நிக்கும், அண்ணை. ஆனால் இந்த வேகத்திலை போனால் யாழ்ப்பாணத்திலை சாறுதான் விக்கலாம். பூசணி ஒரு கிழமை கிடந்தாலும் ஒண்டும் செய்யாது.” வானை இழுப்பதென்று ஒப்புக்கொண்ட அன்றே அந்த மனிதர் தமது இலாபத்தைக் கைவிட்டிருக்கிறார். அதை அவர் கூலி பேசும்போது சொல்லவுமில்லை. எரிபொருளுக்குக் கியூ.ஆர். பங்கீடு இருந்த இறுதி மாதம் அது. தாழ்ந்த கியரில் இழுத்ததில் அவருடைய வாரப் பங்கு கரைந்து, அதன் பின் இரண்டு நாள் லொறி வீட்டில் நின்றது என்பதும் பின்னரே தெரியவந்தது. மகன் அன்றிரவு வானுக்குள் கைவிளக்கு வெளிச்சத்தில் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். இருபத்தையாயிரம் என்று முன்னரே எழுதியிருந்த வரியில் எதை மாற்றுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆனையிறவில் சோழகக் காற்று. பெட்டி போன்ற உடலும் ஏறத்தாழ ஒரு தொன் எடையுமுள்ள இவ்வகை வான்களுக்குப் பக்கக் காற்று ஆகாது. உப்புவெளியைக் கடந்து முடியும் வரை மகனின் இரு கைகளும் ஸ்ரேறிங்கை விட்டு எழவில்லை. அதன் பின்னர் பளை, கொடிகாமம், சாவகச்சேரி. 1995இல் சைக்கிள் உருட்டிய அதே வீதியை எதிர்த்திசையில் வான் கடந்தது. நண்பகலில் கொக்குவில் ஒழுங்கைக்குள் லொறி நுழைய முடியாததால், அயலவர் பத்துப் பேர் சேர்ந்து வானைத் தள்ளி வளவுக்குள் விட்டனர்.

ஆசிரியர் முற்றத்தில் கதிரையில் இருந்தார். எழுந்து, கையை நீட்டிக்கொண்டு வந்து, முன்பக்கத்தில் மூக்குப் போல இறங்கும் அந்த மடிப்பைத் தடவினார். சுற்றி நடந்து கதவைத் தாமே திறந்தார். கைபிடி எங்கே என்று தேடவில்லை. பலாப்பலகையில் அமர்ந்து அதன் விளிம்பை விரலால் அளந்தார். யாரும் எதிர்பார்த்தது போல அவர் அழவில்லை. “இலக்கத் தகடு இருக்கே?” என்று கேட்டார். இருக்கிறது என்றான் பேரன். “கழட்டாதை” என்றார். பிறகு, “கணக்கை வாசி.”

மகன் வாசித்தார். முன்னர் இரு தடவை போய்வந்த பஸ் செலவு 5,800. பிறேக் இறப்பர்களும் எண்ணெயும் 18,500. டயர்கள் 22,000. குழாயும் ஒட்டுவேலையும் 6,500. பெட்டிகளின் எண்ணெய், கிறீஸ், சீல் 4,200. உழவு இயந்திரத்தின் டீசல் 5,000. லொறி 25,000. ஓமந்தைப் பட்டறை 1,500. சாப்பாடு 6,300. ஆக மொத்தம் 94,600.

“இருநூறு குறையுது” என்றார் ஆசிரியர். “கூட்டிப் பார்.”

கூட்டிப் பார்த்ததில் 94,800. நாற்பது ஆண்டு கணக்குப் படிப்பித்தவர். வயது எண்பத்தேழானாலும் கூட்டல் தவறவில்லை. அதன் பின்னர் அவர், கொட்டகை வாடகை எங்கே என்று கேட்டார். கராஜ்காரர் இம்முறையும் வாங்க மறுத்ததையும், வேலைக்கூலியென்று ஒரு சதமும் எடுக்கவில்லை என்பதையும் மகன் சொன்னார். லொறிக்காரரின் பூசணிக்காயையும் சொன்னார். ஆசிரியர் நெடுநேரம் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தார். இவற்றுக்கெல்லாம் தலைப்பெழுதி, எதிரே தொகை எழுதாமல் விடும்படி சொன்னார்.

வான் இப்போது மாமரத்தின் கீழ் நிற்கிறது. எஞ்சின் இன்னும் ஓடவில்லை. அதற்கு வேண்டிய பணம் சேரவுமில்லை. விற்பது பற்றிய பேச்சு எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. வந்த அடுத்த வாரமே ஆசிரியரின் கட்டளைப்படி ஒரு சாக்குக் கட்டப்பட்டது: பனங்கட்டி, ஒடியல், சின்ன வெங்காயம், கறுத்தக் கொழும்பான் காலம் முடிந்துவிட்டபடியால் அதற்குப் பதிலாக ஒரு வாழைக்குலை. தம்புள்ளைக்குப் போகும் அதே லொறியில் அது ஏறியது. அங்கிருந்து மாத்தளைக்குக் கொண்டுபோக உழவு இயந்திரக்காரருக்குச் சொல்லியாயிற்று. சாக்குக்கு என்ன கூலி என்று மகன் கேட்டபோது, லொறிக்காரர் பெட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு, “பேசாமல் போங்கோ, அண்ணை” என்றார்.